முடிக்குள் ஒளிந்த காது

என் அண்ணாவுக்கு,

போன இடத்திலும் முடியை வலப்பக்கம் இழுத்து விட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாய். எனக்குத் தெரியாதா உன்னை?

ஒரு சேதி சொல்லணும். நீ போன மறுவருஷம் எனக்குப் பெண் பிறந்தாள். யாழினி. இப்போது ஒன்றாம் வகுப்பு. உன்னைப் போலவே வலது காது சின்னதாகச் சுருண்டிருக்கிறது, துளையே இல்லை. அந்தப் பக்கத் தாடையும் சின்னது. சிரித்தால் வாய் ஒரு பக்கமாகப் போகும். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்தவள் உடனே திரும்ப மூடிவிட்டேன். நம் அத்தை விடுவாளா? "கிரகணத்தன்னிக்கு தறியாண்ட ஒக்காந்துக்கினு இழை அறுத்திருப்ப" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா மட்டும், "யார் மேலயும் தப்பில்லம்மா, சில குடும்பத்துல இப்படி வரும்" என்றார்.

அப்பா காரியத்தில் மொட்டை போட மாட்டேன் என்று நின்றாயே! "பெத்த அப்பனுக்கு மயிரக் குடுக்க மனசு வரல பாரு" என்று தெருவே ஏசியது. காது தெரிந்துவிடும் என்ற உன் பயம் எனக்கு மட்டும்தான் தெரியும். காதுக்கு மெஷின் வைத்தால் கேட்கும் என்று டாக்டர் சொன்னபோதும், "வேணாம், நாலு பேர் பாப்பாங்க" என்று முடித்துவிட்டாய்.

திருப்புட்குழி ரோட்டில் உன்னைக் கொண்டுபோன அந்த லாரி ஹாரன் அடித்ததாம். சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நீ இடது பக்கம் திரும்பிப் பார்த்தாயாம். லாரி வந்தது வலப்பக்கம். ஏண்ணா, அந்த நாலு பேரில் எவனாவது வந்து உன்னை இழுத்தானா?

கடைசியாக உன் தலையில் எண்ணெய் வைக்கச் சொன்னார்கள். அப்போதுதான் அந்தக் காது என் கையில் பட்டது. உயிரோடு இருந்தவரை யாரைத் தொட விட்டாய்? சில்லென்று இருந்தது. யாழினிக்கு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் அதே கை, அதே காது. சூடாக இருக்கிறதா என்று மறுபடி தொட்டுப் பார்க்கிறேன்.

அவளுக்கு மொட்டையும் காதுகுத்தும் தள்ளிக்கொண்டே வந்தேன். தாய்மாமன் மடி இல்லையே என்று சாக்குச் சொன்னேன். தினமும் காதை மூடித்தான் தலை வாரினேன். இப்போது தலையைச் சுற்றிப் போடும் பட்டையில் கேட்கும் கருவி கொடுத்திருக்கிறார்கள். போட்ட அன்றைக்கு, "அம்மா, இந்தப் பக்கமும் தறி ஓடுது!" என்று குதித்தாள்.

போன வாரம் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது அதைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். ஏண்டி என்றேன். "வேணாம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

உன் குரல் அண்ணா.

வருகிற தை மாசம் குலதெய்வம் கோயிலில் மொட்டை. சித்தப்பா மகன் மடியில் உட்கார வைக்கிறோம். டாக்டர் சொன்னபடி இடது காதில் மட்டும் தோடு. "பொம்பளப் புள்ளைய இப்படி ஊரே பாக்க ஒக்கார வெப்பியா?" என்று அத்தை கத்தினாள். வைப்பேன் என்றேன். யாழினியிடமும் கேட்டேன். "நீயும் மொட்ட போட்டுக்கினா நானும் போட்டுக்கிறேம்மா" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். உன் மாப்பிள்ளை என் முடியைப் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருக்கிறார்.

நீயும் வருவாய், தெரியும். வா. ஆசை தீரப் பார். ஆனால் அவள் கையை மட்டும் பிடித்துவிடாதே. அந்தப் பிள்ளையை உன் வழியில் விட மாட்டேன், இது சத்தியம்.

உன்மேல் கோபம் இன்னும் தீராத
உன் ஒரே தங்கை,
செல்வி