லேப்டாப் மேல் போட்ட பழி

நவம்பர் 3, திங்கள்

காலையில் இருந்து தூறல். கடை வாசலில் தண்ணீர் தேங்கிவிட்டது. இரண்டு செங்கல் போட்டு வழி பண்ணினேன்.

லேப்டாப்பைத் திறந்ததும் மறுபடி அதே அறிவிப்பு. இந்த சிஸ்டத்துக்கு இனிமேல் அப்டேட் கிடையாதாம், புதிது வாங்கச் சொல்கிறது. மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

பதினோரு மணிக்கு அரியலூரில் இருந்து சேகர் அண்ணன் போன். ஒன்பது வருஷமாக நான் இங்கே பெரம்பலூரில் டிசைன் பண்ணி அனுப்ப, அவர் அங்கே தன் பிரஸ்ஸில் அடித்து பஸ்ஸில் போட்டு விடுகிறார். வேலையைத் தவிர வேறு எதுவும் பேசாத மனிதர் இன்று லேப்டாப்பைப் பற்றிப் பேசினார்.

"பதினாறாந் தேதி திருச்சி போறேம்மா. எனக்கு ஒண்ணு எடுக்கிறேன். ஒனக்கும் சேத்து எடுத்துட்டு வந்துடட்டா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இப்போது உள்ள லேப்டாப்:
திறக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது (போன வருஷம் வேகத்துக்காக எஸ்எஸ்டி டிஸ்க் போட்டது).
பெரிய பிளக்ஸ் பைலுக்கும் திணறாது.
பேட்டரி செத்துவிட்டது. ஒயர் மாட்டியே இருக்க வேண்டும். கடையை விட்டு எங்கே போகப் போகிறது.
'க' அடிக்கும் கட்டை தேய்ந்து எழுத்தே இல்லை. விரலுக்குத் தெரியும்.

புதிது வாங்கினால்: பழைய தமிழ் பாண்டுகள் ஏறுமா? ஒன்பது வருஷ பைல்கள் திறக்குமா?

வீட்டில் இவரிடம் கேட்டேன். ஆலத்தியூர் சிமென்ட் பேக்டரிக்கு ஷிப்டு கிளம்பிக்கொண்டிருந்தார். "ஒனக்குப் புடிச்சா வாங்கு, இல்லன்னா வுடு." கல்யாணம் ஆனதில் இருந்து எதற்கும் இதே யோசனைதான்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை. ஒரே புழுக்கம்.

குரும்பலூர் மஞ்சள் நீராட்டு பிளக்ஸ்: திருத்தம் மூன்றாவது தடவை. மாமன் போட்டோ சின்னதாக இருக்கிறதாம்.
பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ்: முடிந்தது.
கண்ணீர் அஞ்சலி, அரும்பாவூர்: முடிந்தது.

அரும்பாவூர் போன் ஏழு மணிக்கே வந்துவிட்டது. சின்னத்துரை. போன வருஷம் அவர் அப்பா அய்யாசாமிக்கு நான்தான் போஸ்டர் போட்டேன். இன்று அம்மா.

"அக்கா, அம்மா தவறிட்டாங்க. அப்பாவுக்குப் போட்ட மாதிரியே போட்டுருங்க. பேரெல்லாம் அதேதான்." குரல் உடைந்துவிட்டது. பின்னால் பெண்கள் அழும் சத்தம்.

பழைய பைலைத் திறந்தேன். போட்டோ மாற்றி, தேதி மாற்றி, 'தந்தை'யைத் 'தாய்' ஆக்கினேன். பதினெட்டு நிமிஷம். வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், சரி என்று கட்டைவிரல் படம் வந்தது. சேகர் அண்ணனுக்குத் தள்ளிவிட்டேன். மத்தியானத்துக்குள் அரும்பாவூரில் ஒட்டியாயிற்று.

லேப்டாப் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. இதை எதற்கு மாற்ற வேண்டும்.

இட்லிக்கு ஊறப்போட மறந்தேன்.

நவம்பர் 5, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

பத்து மணிக்குச் சின்னத்துரை. "அக்கா, போஸ்டர்ல எங்க அண்ணன் மவ பேரு இருக்குதுக்கா."

எனக்குப் புரியவில்லை. அண்ணன் மகள் பேர் இருக்கத்தானே வேண்டும்.

"தமிழ்மதிக்கா. மாசியில காச்சல்ல போயிருச்சுல்ல. அண்ணி பஸ் ஸ்டாப்புல போஸ்டரைப் பாத்துட்டு அங்கனயே குந்திட்டாங்க. தூக்கிட்டு வர வேண்டியதாப் போச்சு."

பைலைத் திறந்தேன். 'கண்ணீருடன்' என்று போட்டு, கீழே பேத்திகள். மூன்றாவது பேர் தமிழ்மதி. செத்துப்போன பெண் அப்பாயிக்குக் கண்ணீர் விடுகிறாள். போட்டவள் நான்.

என் வாய் தானாகச் சொன்னது: "சிஸ்டம் பழசுங்க தம்பி. பழைய பைலையே எடுத்துக்கிச்சு."

"மிஷினுதானக்கா. அது என்ன பண்ணும். வுடுங்க." தாயை எரித்துவிட்டு வந்தவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

வேறு யாரும் படிக்காத நோட்டு இது. இதிலாவது சரியாக எழுதுகிறேன்.

துக்க போஸ்டர் என்றால் போனில் எல்லாப் பேரையும் வாசித்துக் காட்டுவேன். இவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கும் வழக்கம் கிடையாது. சாவு வீட்டில் அப்படிக் கேட்கக் கூடாது. நான் பேரை மட்டும் சொல்வேன், அந்தப் பக்கம் "ம்" என்பார்கள். 'ம்' வராத பேரில் நிறுத்துவேன். எதுவும் விளக்கச் சொல்ல மாட்டேன், அந்தப் பேரை எடுத்துவிட்டு அடுத்த பேருக்குப் போவேன். ஒன்பது வருஷமாக இப்படித்தான். இந்த போஸ்டரில் இருந்த நாற்பத்தொரு பேரை வாசிக்க ஐந்து நிமிஷம் ஆகும்.

நேற்று வாசிக்கவில்லை. மஞ்சள் நீராட்டு மாமன் கடையில் நின்றுகொண்டிருந்தார். அவர் போட்டோவைப் பெரிதாக்க வேண்டியிருந்தது.

சின்னத்துரையிடம் பேசி முடித்த கையோடு அந்தப் பேரை அழித்து பைலைச் சேமித்தேன். ஒட்டிய போஸ்டரை எப்படி அழிப்பது.

நவம்பர் 6, வியாழன்

அரும்பாவூர் போஸ்டரில் என்ன ஆயிற்று என்று சேகர் அண்ணன் கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது சுலபமாக இருந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல. பழசு என்னைக்கா இருந்தாலும் கழுத்தறுக்கும். திருச்சியில எடுத்துடுறேன்."

"பாக்கலாம்ணே."

சாயங்காலம் மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது.

நவம்பர் 8, சனி

கடைக்கு வந்த ஒரு பெரியவர், பேரன் காதுகுத்து பத்திரிகைக்காக: "ஒங்க மிஷினு பேரு தப்பா போடுதாமே? அரியலூர்ல சொன்னாங்க. நல்லாப் பாத்துப் போடுங்கம்மா."

சேகர் அண்ணன் எனக்குப் பரிந்து ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

புது லேப்டாப் வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. வாங்கிவிட்டால் பழையதில் கோளாறு இருந்தது என்று ஆகிவிடும். மாற்றியாயிற்று, இனிமேல் வராது என்று எல்லோரிடமும் சொல்லலாம். நானே கொஞ்ச நாளில் நம்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இன்று பதினாலு பைல் திறந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

நவம்பர் 10, திங்கள்

கருவாடு வாங்க வேண்டும். கியாஸ் பதிய வேண்டும்.

இந்த நோட்டிலேயே பின்னால் புரட்டினேன். எதற்கு என்று தெரியவில்லை, அந்தப் பெண் இறந்துபோன மாசியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று பார்க்கத்தான் இருக்கும். என் கையெழுத்தில் ஒரு வரி:

'அரும்பாவூர் சி.துரை போன். அண்ணன் மகள், 19, காய்ச்சல். போஸ்டர் கேட்டார். ஒரு மணி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். கல்யாணம் ஆகாத பெண் என்பதால்.'

அதற்கு அடுத்த வரி ரவிக்கை தைக்கக் கொடுத்தது பற்றி.

ஆக எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் நடந்துவிட்டது என்று மனசுக்குள் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தேன். இப்போது அந்த மூலையும் இல்லை. போஸ்டர் போடாததால் அந்தச் சாவே என் நினைவில் நிற்கவில்லை.

இவரிடம் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்றதற்கு, "வெயிலு ஜாஸ்தி, மோர் குடி" என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. வெயில் எல்லாம் பேக்டரிக்குள்தான் போல.

நவம்பர் 12, புதன்

அண்ணன்காரர் வந்தார். ராமசாமி. தமிழ்மதியின் அப்பா.

நான் பார்த்ததே இல்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூல் நுனியில் உட்கார்ந்தார். போஸ்டரைப் பற்றித் திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

வரும் புதன்கிழமை கருமாதி. பத்திரிகை அடிக்க வந்திருக்கிறார். ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொண்டு வந்தது:

மகன்: அ. ராமசாமி
மருமகள்: வள்ளி

அவ்வளவுதான்.

"தம்பி வூட்டு பேருங்க?" என்று கேட்டேன்.

"அவன் தனியா அடிச்சுக்கட்டும்."

"ஒரு அம்மா காரியத்துக்கு ரெண்டு பத்திரிகையாங்க?"

மடியில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார். பிறகு நிதானமாகத்தான் சொன்னார். "மிஷினு மேல பழி போடுறான். மிஷினு எப்படிங்க தானா ஒரு பேரை எழுதும்? பேரெல்லாம் அதேதான்னு இவன்தான் சொல்லியிருக்கணும். எம்மவ இல்லைங்கிறது இவனுக்கு ஞாபகத்துலயே இல்ல. தூக்கி வளத்தவன். எட்டு மாசத்துல மறந்துட்டான்."

என் எதிரில் லேப்டாப் திறந்திருந்தது. நான் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்றேன். அவ்வளவு கோழைத்தனம் எனக்குள் இருக்கிறது என்று இன்றுதான் தெரியும்.

அவர் கிளம்பும்போது, "மூணாவது பேரு சரியா எங்க இருக்கணுமோ அங்கதான் இருந்துச்சு" என்றார். எனக்குச் சொன்னதா, அவருக்கே சொன்னதா தெரியவில்லை.

நவம்பர் 13, வியாழன்

பத்திரிகை அடிக்கவில்லை. கரண்ட் இல்லை என்று ராமசாமியிடம் போனில் சொன்னேன். கரண்ட் இருந்தது. ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று.

சின்னத்துரைக்குப் போன் பண்ணினேன். "அண்ணன் எங்க வூட்டுல தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டேங்குறாருக்கா. அன்னைக்கு நான் ஒங்ககிட்ட என்ன சொன்னேன்னே ஞாபகம் இல்ல. நானே ஏதாச்சும் சொல்லியிருப்பேனோ? ஒங்களுக்கு ஞாபகம் இருக்குதா?"

சொன்னார்தான். பேரெல்லாம் அதேதான் என்றார். அம்மா கூடத்தில் கிடக்கும்போது சொன்ன சொல் அது. அந்த நிலையில் இருப்பவர்கள் தப்பாகச் சொல்வார்கள் என்பதால்தானே நான் வாசித்துக் காட்டுவது. அதுதான் என் வேலை. மீதி எல்லாம் லேப்டாப்பே பார்த்துக்கொள்ளும்.

"நேர்ல வந்து சொல்றேன் தம்பி" என்றேன்.

நவம்பர் 15, சனி

வானம் வெளுத்திருக்கிறது. துணி காய்ந்தது.

சேகர் அண்ணன்: "நாளைக்கு விடியக்காலம் கிளம்புறேன். ஒனக்கு எடுக்கிறதா இல்லையா, ஒரே வார்த்தை சொல்லு."

"வேணாம்ணே."

"ஏம்மா, அது தப்பு தப்பா..."

"அது ஒரு தப்பும் பண்ணலண்ணே. நான்தான் பேரு வாசிக்கல. ஒங்ககிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

அவர் பிரஸ் மிஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேம்மா" என்றார். கோபம் இல்லை, வருத்தம்தான். கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பிறகு இவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமான யோசனை வரும் என்று பார்த்தேன். "நாளைக்கு எனக்கு லீவுதான். நான் கூட வரவா?" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். ஆனால் கேட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

ஒன்பது மணி பஸ். அரும்பாவூரில் இறங்கியதும் பஸ் ஸ்டாப் சுவரைப் பார்த்தேன். போஸ்டரைக் கிழித்திருக்கிறார்கள். பசை மட்டும் இருக்கிறது.

அண்ணன் தம்பி வீடுகள் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரு குட்டைச் சுவர். ராமசாமி வாசலில் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்தார். பத்திரிகை கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கை நீட்டினார்.

நின்றபடியே சொன்னேன். மிஷினுக்குப் பழுது இல்லை. உங்கள் தம்பி மேலும் தப்பு இல்லை. சாவு வீட்டுக்காரர் எதைச் சொன்னாலும் பேர்களை வாசித்துக் கேட்பது என் வேலை, அன்றைக்கு நான் கேட்கவில்லை. பாப்பா போனது எனக்கும் அப்போதே தெரியும், நான்தான் மறந்தது. பஸ்ஸில் வரும்போது நிறைய யோசித்து வைத்திருந்தேன், இவ்வளவுதான் வந்தது.

சோளத்தைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்குக் கடையிலயே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணுங்க."

"நாலு நாளு அவனைப் பாத்து காறித் துப்பாத கொறைதான்."

அழக் கூடாது என்று நினைத்தேன், அழுதேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அதுதான் சரி.

பிறகு எழுந்து சுவர் ஓரம் போய்க் கூப்பிட்டார். "தொரை. இங்க வா. பத்திரிகைக்குப் பேரு சொல்லணும்."

சின்னத்துரை வந்து சுவருக்கு அந்தப் பக்கமே நின்றார். அண்ணன் சங்கடத்தோடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "உள்ள வாடா" என்றார். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்ல நான் எழுதினேன். முடித்ததும் எல்லாவற்றையும் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு 'ம்' வந்தது.

காபி கொடுத்தார்கள். குடித்தேன். சின்னத்துரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டதற்கு, "சரிக்கா" என்றார், அவ்வளவுதான்.

கிளம்பும்போது தெருமுனை வரை தமிழ்மதியின் அம்மா வள்ளி கூட வந்தார். அதுவரை கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

"அந்த லேப்டாப்பை மாத்தப் போறீங்கன்னு தொரை சொல்லுச்சு."

"இல்லங்க. அது நல்லாத்தான் ஓடுது."

"எங்க மாமியார் போஸ்டர்ல பேரை எடுத்துட்டீங்களா?"

"அன்னைக்கே எடுத்துட்டேங்க."

தலையை ஆட்டினார். பஸ் வரும் சத்தம் கேட்டது. நான் நடக்கத் தொடங்கியதும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க மாமனாருக்குப் போட்டது இருக்குதுல்ல, போன வருசம். அதுல அவ பேரு இருக்குதா இன்னும்?"

"இருக்குதுங்க."

"இருக்கட்டும்" என்றார்.