பாலத்தில் தமிழ் கிடையாது

நேற்று சாயங்காலம் பஸ் சிந்தாமணியைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறியபோது, ஜன்னல் வழியாகப் புதுத்தண்ணீர் வாசனை வந்தது. சேறும் சருகும் கலந்த வாசனை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "தண்ணி வந்துடுச்சு பாருங்க, இந்த வருஷம் சீக்கிரமே வந்துடுச்சு" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. பாலம் முடிந்த பிறகுதான் அவருக்குப் பதில் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாலத்தில் தமிழ் பேசக்கூடாது என்று நீ போட்ட சட்டத்தை, நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் ஆன பிறகும் ஒருத்தி காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

ஐம்பதுகளின் கடைசியில் நாம் இருவரும் ஒரே சமயத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தோம். ஸ்ரீரங்கத்தில் அடுத்தடுத்த தெரு. எனக்கு அம்மாவும் பள்ளிக்கூடம் போகிற தம்பியும். அப்பா அம்மா இல்லாத நீ அண்ணன் குடும்பத்தோடு. "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லத் தெரிந்ததால் வேலை கிடைத்தது. அதற்கு மேல் சொல்லத் தெரியாததால் அது நிலைக்குமா என்ற பயம். நம் அதிகாரி வடக்கேயிருந்து வந்தவர். இருவரையும் எதிரில் உட்கார வைத்து இங்கிலீஷில் பேசிப் பார்ப்பார், அவருக்குத் திருப்தி என்றால்தான் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள்.

சட்டம் போட்டது நீதான். பஸ் பாலத்தில் ஏறினால் இறங்கும் வரை தமிழ் கிடையாது. வாய் தவறித் தமிழில் பேசியவள், மெயின்கார்டுகேட்டில் இறங்கியதும் இரண்டு பேருடைய டிபன் கேரியரையும் எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் தூக்க வேண்டும். முதல் சில வாரம் எல்லா நாளும் நான்தான் தூக்கினேன்.

"தி பஸ் இஸ் ஆன் த பிரிட்ஜ். தி ரிவர் இஸ் அண்டர் த பிரிட்ஜ். வி ஆர் இன் த பஸ்." இப்படித்தான் ஆரம்பித்தோம். கண்ணில் பட்டதையெல்லாம் வாக்கியமாக்கினோம். தமிழில் ஆறு என்று சொல்லிவிட்டு, அப்புறம் நிதானமாக அதில், அதன்மேல், அதன் கீழே என்று ஒட்டிக்கொள்ளலாம். இங்கிலீஷில் அதை முன்னாடியே முடிவு செய்துவிட வேண்டும். நீ குளிக்கிறவர்களையெல்லாம் 'ஆன் த ரிவர்' என்று தண்ணீர்மேல் நிற்க வைத்தாய். நான் மலைக்கோட்டைப் பிள்ளையாரை 'அண்டர் த ராக்' என்று சொல்லிப் பாறைக்கு அடியில் தள்ளினேன். கண்டக்டர், "இங்கிலீஷ்கார அம்மாங்க ரெண்டு பேரும் டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்பார். நீ அசராமல், "எஸ், வி ஹேவ்" என்பாய். அவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

மஸ்ட், மே, குட், வுட் எல்லாம் வந்தபோதுதான் நம் குணம் வெளியே வந்தது. எனக்குப் பிடித்தது மஸ்ட். மதராஸ் ட்ரங்க் கால் கேட்டு அவசரப்படுத்திய ஒரு பெரிய மனிதரிடம் "யூ மஸ்ட் வெயிட்" என்று சொல்லிவிட்டேன். அவர் மேலே புகார் கொடுத்துவிட்டார். நீயோ லைனில் யார் வந்தாலும் "மே ஐ", "வுட் யூ கைண்ட்லி" என்று ஆரம்பித்து, நம்பரைக் கேட்பதற்குள் அவர்களுக்கே பொறுமை போய்விடும். அதிகாரி நம் இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஒருத்தி அதட்டுகிறாள், ஒருத்தி கெஞ்சுகிறாள், இரண்டையும் கலந்து பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஆனாலும் இருவருக்கும் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பயிற்சி நமக்குத் தேவையே இல்லை. நாம்தான் விடவில்லை.

ஏன் விடவில்லை என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. ஒருநாள் திரும்பி வரும்போது, வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போகிறாய் என்று இங்கிலீஷில் கேட்டேன். "ஐ வில் குக் இன் தேர் ஹவுஸ்" என்றாய். எங்கள் வீடு என்றால் "அவர் ஹவுஸ்" என்று திருத்தினேன். நீ ஜன்னலைப் பார்த்தபடி, "நோ. தேர் ஹவுஸ்" என்றாய். தமிழில் நீ 'எங்க வீடு' என்று தவிர வேறு சொல்லிக் கேட்டதில்லை. அண்ணி எழுந்திருக்கும் முன் அடுப்பு மூட்டுவதும், சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொடுப்பதும், குழந்தைகளோடு கூடத்து மூலையில் படுத்துக்கொள்வதும் எனக்குத் தெரியும். நீ எதையும் குறையாகச் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உனக்குப் பாலமும் இங்கிலீஷும் வேண்டியிருந்தது.

பிறகு உன் அண்ணனுக்கு வடக்கே மாற்றல் வந்தது. நீ வேலையை விட்டுவிட்டு அவர்களோடு போவாய் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். அம்மா உன்னைக் கூப்பிட்டு, "எங்க வீட்ல இருந்துடும்மா. இவளுக்கும் துணையா இருக்கும்" என்றாள். உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உன் ஆசை முழுக்க அந்த முகத்தில் இருந்தது. உன் வேலை, அந்த ஹெட்போன், உன் பெயரில் ஒரு சம்பளம், யாருக்கும் பாரமில்லாமல் படுத்துத் தூங்க ஓர் இடம். வேறெதுவும் நீ கேட்கவில்லை.

அண்ணனிடம் சொல்ல வேண்டியதைப் பாலத்தில் பழகினாய். "ஐ மே நாட் கோ" என்று ஆரம்பித்தாய். நான் சண்டைக்கு வந்தேன். மேயும் வேண்டாம், குட்டும் வேண்டாம், வில் என்று சொல் என்றேன். "ஐ வில் நாட் கோ. ஐ வில் ஸ்டே." ஒருநாள் நீ சொன்ன சத்தத்தில், முன் சீட்டில் கீரைக்கூடையோடு இருந்த கிழவி திரும்பிப் பார்த்தாள். பாலம் முடிந்ததும் நான், "இதையே இன்னிக்கு உங்க அண்ணன்கிட்ட தமிழ்ல சொல்லிடுடி" என்றேன். "தமிழ்ல சொன்னா அழுகை வந்துடும்டி. அழுதா அவர் ஜெயிச்சுடுவாரு" என்றாய்.

மறுநாள் பஸ்ஸில் உன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பாலத்தில் ஏறும் முன்பே கேட்டேன்.

"சொன்னியா இல்லியா?"

"அவர் கேக்கவே இல்லடி. நீ வரியான்னு கேட்டா சொல்லலாம்னு காத்துட்டிருந்தேன். அவர் உன் பெட்டிக்குப் பூட்டு இருக்கான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"இருக்குன்னேன்."

அதற்குள் பஸ் பாலத்தில் ஏறிவிட்டது. உன்னைத் திட்டுவதற்கு எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்கு அடங்கவில்லை. உன்மேலா, பூட்டைப் பற்றிக் கேட்டவர்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கடைசி நாள் நீ ராஜினாமாவைக் கொடுக்க வந்தாய். பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. நடுப்பாலத்தில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, தெளிவாகத் தமிழில், "எனக்குப் போகப் பிடிக்கலடி" என்றாய். அத்தனை நாளில் நீ சட்டத்தை மீறியது அந்த ஒரு தடவைதான். அழவும் இல்லை. மெயின்கார்டுகேட்டில் இறங்கியதும், நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், என் கேரியரை வாங்கி நீயே தூக்கிக்கொண்டு நடந்தாய்.

அங்கேயிருந்து நீ எழுதிய கடிதங்களில் எல்லோரும் சௌக்கியம், குளிர்தான் அதிகம் என்றுதான் இருக்கும். தமிழில் நீ எப்போதும் சௌக்கியமாகவே இருந்தாய். ஒரு குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாய் என்று உன் அண்ணன் எழுதியிருந்தார். அன்று நான் லீவு போடவில்லை. போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து யார் யாரையோ யார் யாரோடோ இணைத்துக்கொண்டிருந்தேன்.

போன தையில் அம்மாவும் போய்விட்டாள். நேற்று தென்னூரில் தம்பி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். தம்பியும் அவன் மனைவியும் நல்லவர்கள். உன் அண்ணனும் நல்லவர்தான். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது தம்பி சொன்னான்: "அக்கா, உன் மர பீரோவை இங்க பின்னாடி ரூம்ல வெச்சுடலாம். நான் அளந்து பாத்துட்டேன். எப்ப வண்டி அனுப்பட்டும்?"

நீ வருகிறாயா என்று அவனும் கேட்கவில்லை.

பீரோவைப் பற்றிப் பேச நானும் வாயெடுத்தேன். அது கனமானது, பின்பலகை கொஞ்சம் ஆட்டம் என்று சொல்லியிருப்பேன். பெட்டிக்குப் பூட்டு இருக்கு என்று நீ சொன்னது எவ்வளவு சுலபமாக நடந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "நான் வரலப்பா. அம்மா இருந்த வீட்லயே இருந்துக்கறேன்" என்றேன். தம்பி மனைவி, "தனியா எப்படிக்கா இருப்பீங்க?" என்றாள். "கஷ்டமாத்தான் இருக்கும்" என்றேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. வீட்டைத் திறந்து விளக்கைப் போடுகிற அந்த நேரம் எனக்குப் பிடிப்பதே இல்லை. ஆனாலும் அது என் வீடு.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். பஸ் பாலத்தில் ஏறி, அந்த வாசனை வந்து, பக்கத்து அம்மாள் தண்ணீரைப் பற்றிச் சொன்னபோது, என் வாய்க்குள் வேறு ஒன்று இருந்தது. நடுப்பாலத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாக, "ஐ டோல்ட் தெம்" என்றேன். நீ இருந்திருந்தால் உடனே, "வாட் டிட் தே சே?" என்று கேட்டிருப்பாய். பாலம் முடிகிற வரைக்கும் காத்திருந்தேன்.

மாம்பழச்சாலையில் பஸ் இறங்கியதும் அந்த அம்மாளிடம் திரும்பி, "ஆமாங்க, தண்ணி வந்துடுச்சு" என்றேன்.