வீட்டுக் கடனும் வீட்டு மனுஷியும்

பாப்பாவின் தாத்தாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

வீட்டுக் கடன் கேட்கப் போன அன்று பேங்கில் இருந்தவர்கள் நான், கடன் கொடுக்கும் தம்பி, நான் சமைக்கும் வீட்டு அம்மா. உங்கள் பென்ஷனில் சாப்பாடு, என் சம்பளத்தில் வீட்டுத் தவணை என்று நாம் போட்ட கணக்கைத் தடுமாறாமல் சொன்னேன்.

தம்பி அம்மாவிடம், "சம்பளம் நீங்கதானே தர்றீங்க? ஒரு கையெழுத்து போதும்" என்றது.

"ஐயோ, சம்பளமா! பாட்டி எங்க வீட்டு மனுஷி. கைச்செலவுக்கு ஏதோ கொடுப்போம்" என்று சிரித்தபடி அம்மா என் தோளில் கை போட்டார். வளையல் கழுத்தில் குத்தியது.

"அப்போ வருமானம்னு எதை எழுதறது, பாட்டி?" என்று தம்பி பேனாவை மூடிவிட்டது.

என்னைப் பெருமையாகச் சொன்னாரா, கழற்றிவிட்டாரா, இன்னும் பிடிபடவில்லை. வீட்டு மனுஷி என்றால் இத்தனை வருஷமாக அடுப்படியில் ஏன் படுக்கிறேன்?

கவலைப்படாதீர்கள், வேறு பேங்கில் கேட்கலாம். நாம் பார்த்த வீட்டை அதற்குள் யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். என் பழைய போர்வையையும் அனுப்புங்கள். இங்கே கொடுத்ததில் தூக்கம் வரவில்லை.

அம்மா கூப்பிடுகிறார், போகிறேன். பேனாவை மூடிய தம்பியை மன்னித்துவிட்டேன். தோளில் கை போட்ட அந்த அம்மாவை மன்னிக்க மாட்டேன்.