ஆட்கள் இல்லாத சிராங்கூன் சாலை

செம்பவாங்
சிங்கப்பூர்
25 அக்டோபர் 2025

அன்புள்ள ஜாஃபர்,

நலமா என்று கேட்கக்கூட மனம் வரவில்லை, கோபத்தில் இருக்கிறேன். போனில் கேட்டால் மழுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

தீபாவளி வந்து போய்விட்டது. உன் படம் வரவில்லை. எனக்கும் விசாலத்துக்கும் கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு தடவைகூடத் தவறியதில்லை. நோன்புப் பெருநாளுக்குக் கேலாங் சிராய் விளக்குகளை நான் வரைந்து தருவேன். தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையை நீ வரைந்து கொண்டுவருவாய். சொந்தப் பண்டிகையன்று தூரிகை பிடிக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்று விசாலம் செய்த ஏற்பாடு அது. வண்ணம் காய்வதற்குள் தொட்டுப் பார்ப்பாள். அவள் விரல்தடம் எல்லாப் படத்திலும் இருக்கிறது.

மே மாதம் அவள் போனாள். காரியம் முடிந்த பிறகு நீ எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் அவளுக்காகத்தான் வந்துகொண்டிருந்தாயா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கதிரேசன்

புக்கிட் பாஞ்சாங்
29 அக்டோபர் 2025

பிரியமுள்ள கதிருக்கு,

திட்டு கிடைத்தது. நன்றாகவே உறைத்தது.

படம் வரைந்தேன். தாளை நனைத்து, மஞ்சளைத் தண்ணீராய்க் கரைத்து ஓடவிட்டு, விளக்குகளுக்கு வெள்ளையை அப்படியே விட்டு, மேலே ஊதா வானம். மழை நாள், காயவே மாட்டேன் என்றது. மகள் ஹம்னாவின் ஹேர் டிரையரைப் பிடுங்கிக் காய வைத்தேன். அதோடு நிறுத்திவிட்டேன். ஆட்களில் எப்போதும் முதலில் பூக்கடைப் பக்கம் விசாலாட்சியைத்தான் வைப்பேன். இந்த முறை கை ஓடவில்லை.

அப்படியே எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பினேன். உன் கீழ்வீட்டு மங்களம் உங்கள் பிளாக் லிஃப்டில் பார்த்துவிட்டு, "அவங்க வீட்ல இந்த வருஷம் தீபாவளி கிடையாது லா, கலர் கலரா கொண்டுபோய் நீட்டாதீங்க" என்றார். உங்கள் வழக்கம் எனக்கு என்ன தெரியும்? தெரியாத இடத்தில் ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை என்று நினைத்துத் திரும்பிவிட்டேன்.

அரைகுறைப் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். விசாலாட்சியின் முறுக்கு எனக்குப் பிடிக்கும்தான். ஆனால் நான் வந்தது உனக்காக.

ஜாஃபர்

செம்பவாங்
2 நவம்பர் 2025

ஜாஃபர்,

படம் வந்தது.

மங்களம் சொன்னதில் பாதிதான் சரி. துக்க வீட்டில் பலகாரம் செய்யக்கூடாது, அவ்வளவுதான். வேண்டியவர்கள் செய்து கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நீ மரியாதையாக ஒதுங்கி நின்றாய். நான் தீபாவளியன்று காலையிலிருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் சாத்தும்போது அழுதுவிட்டேன்.

வானம் நன்றாக வந்திருக்கிறது. ஊதா கொஞ்சம் தூக்கல், வழக்கம்போல. ஆனால் தீபாவளி நேரத்தில் சிராங்கூன் சாலையில் ஓர் ஆள்கூட இல்லையென்றால் யார் நம்புவார்கள்? ஆட்களை நாம் எப்போதும் கடைசியில்தானே வைப்போம். இன்னும் கெட்டுப் போகவில்லை.

சனிக்கிழமை வா. பலகாரம் உன் பொறுப்பு. மற்றவர்களை நீ வை, விசாலத்தை நான் வைக்கிறேன். முகம் எனக்கு வராது, முதுகு வரும். வருஷா வருஷம் அந்தச் சாலையில் பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால்தானே நடந்தேன்.

உன்
கதிர்