கேப்டனின் ஒட்டு மீசை

நேற்று உன் ஊர் தாமலுக்குப் போயிருந்தேன். உங்கம்மா உன் எம்.ஏ. நோட்டை என் கையில் கொடுத்து, "இத்த நீயே வெச்சுக்கோம்மா. எங்க வூட்ல யாரு படிக்கப் போறாங்க?" என்றார்கள். அட்டையில் நீ தலைக்கு வைக்கும் எண்ணெயின் கறை. திரும்பும் பஸ்ஸிலேயே பிரித்துவிட்டேன்.

அந்த ஜமீன் மாளிகைக்கு வகுப்போடு போனோமே, அன்று நீ எழுதிய பக்கம் கண்ணில் பட்டது.

ஆளுயர ஓவியம். ஜமீன் வாரிசு, பட்டாளத்தில் கேப்டன். சிவப்புக் கோட்டு, இடுப்பில் வாள், தோளில் பட்டு அங்கவஸ்திரம். ஒவ்வொருவரும் அதன் முன்னால் நின்று தனக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும். மேடம் மார்க் போடுவார். எல்லோரும் வீரம், கம்பீரம் என்றார்கள். என் கண் அந்த அங்கவஸ்திரத்தைவிட்டு நகரவில்லை. மடிப்புக் கோடுகள் கட்டம் கட்டமாக அப்படியே இருந்தன. தறியிலிருந்து அறுத்து மடித்து, அன்றுதான் பிரித்த துணி. நெசவு வீட்டில் பிறந்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? போர் பார்த்த மனிதராக எனக்கு அவர் தெரியவில்லை. புதுத் துணி கசங்கிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையனாகத் தெரிந்தார்.

உன் காதில் சொன்னேன். "என்கிட்ட எதுக்குடி சொல்லிக்கினு இருக்க? அங்க போய்ச் சொல்லு" என்றாய்.

என் பெயரைக் கூப்பிட்டதும் நாக்கு எழவில்லை. மேடம் பூஜ்யம் போடப் பேனாவைத் திறந்தார். பின்னாலிருந்து நீ கத்தினாய்: "மேடம், அந்தாளு மீசை ஒட்டு மீசை!"

வகுப்பே சிரித்தது. "உன்னைக் கேட்டேனா? உனக்கு அஞ்சு மார்க் கட்" என்றார் மேடம். அந்தச் சிரிப்பில் என் பயம் போய், மடிப்பைப் பற்றிச் சொல்லி முடித்தேன். மேடம் ஓவியத்தின் அருகே போய்ப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா" என்றார்.

எனக்காகத்தான் நீ கோமாளியானாய் என்று நம்பினேன். கேட்க வெட்கம். அடுத்த மழைக்காலத்தில் காமாலை உன்னைக் கொண்டுபோனது. நன்றிகூடச் சொல்லவில்லையே என்று இரண்டு வருடமாக மருகிக்கொண்டிருந்தேன்.

நீ எழுதியிருப்பது இதுதான்: "முகத்தில் நிழல் இடப்பக்கம், மீசைக்கு மட்டும் வலப்பக்கம். மீசையை வேறு யாரோ பிறகு வரைந்திருக்கிறார்கள். வேறு எவளாவது சொல்லிவிடுவாளோ என்று கத்திவிட்டேன். மேடத்துக்குக் கண் டாக்டர் தேவை."

பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்தேன். கண்டக்டர், "இன்னாம்மா, டிக்கெட்ல ஜோக்கா போட்டிருக்கு?" என்றார்.

தியாகமும் இல்லை, ஒன்றும் இல்லை. உனக்கு ஒன்று தெரிந்தது, அடக்க முடியவில்லை. அவ்வளவுதான். நெஞ்சிலிருந்து என்னவோ இறங்கிவிட்டது, தோழி. இனி உன்னை நினைக்கும்போது கைகூப்ப வேண்டாம், சண்டை போடலாம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மாளிகைக்குப் போகிறேன். நிழல் நீ எழுதியபடியே இருந்தால், மேடத்திடம் போய் உன் அஞ்சு மார்க்கைக் கேட்பேன். எல்லோர் எதிரிலும், உன்னைப்போலவே சத்தமாக.