கால் ஒடிந்த கயோட்டி

அன்பு மகள் மார்னிக்கு,

அம்மா எழுதுவது. நானும் ஆடுகளும் நலம். உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு அனுப்புகிறேன். காரணம் உனக்கே தெரியும்.

உன்னை டென்வரில் விட்டுவிட்டுத் தனியாக வந்த உன் புருஷன் பிரெண்ட், வேட்டை முடித்து நேற்றுத்தான் கிளம்பினார். இந்தக் குளிரில் கயோட்டிகள் நம் ஆடுகளில் கை வைத்தது உண்மைதான். "அந்தக் குள்ள ஓநாய்ங்கள நான் பாத்துக்கறேன் அத்தை, நீங்க அடுப்படியில இருங்க" என்றார் மாப்பிள்ளைத் துரை. பனியோடு பனியாகத் தெரிய உடம்பெல்லாம் புது வெள்ளை உடுப்பு, முகத்துக்கும் வெள்ளைத் துணி. அவ்வளவு மறைத்துக்கொண்டவர் சிவப்பு வண்டியை மேட்டு உச்சியில் நிறுத்திவிட்டுப் போனார். காற்று முதுகில் அடிக்க உட்கார்ந்துகொண்டு, கயோட்டியை வரவழைக்க அடிபட்ட முயல்போலக் கத்தும் ஊதலை ஊதித் தள்ளினார். அவர் பூசியிருந்த வாசனைத் தைலம் ஓடைவரை மணத்திருக்கும். எந்தக் கயோட்டி வரும்? பக்கத்துப் பண்ணை ஆல்வின் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "என்னக்கா, உங்க மாப்பிள்ள வேட்டைக்கு வந்தாரா, பேண்டு வாசிக்க வந்தாரா?" என்று கேட்டான். எனக்கு மானம் போயிற்று.

கடைசியில் கயோட்டியைக் கண்டுபிடித்தவை ஆடுகள்தான். எல்லாத் தலைகளும் ஒன்றாக ஓடைப் புதர்ப் பக்கம் திரும்பின. அடுப்படி ஜன்னலிலிருந்து எனக்கே தெரிந்தது. வாக்கி டாக்கியில் சொன்னேன். அவசரத்தில் எட்ட இருந்தே சுட்டார். அது தன் பின்னங்காலையே கடித்துச் சுழன்றுவிட்டு ஓடியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். உள்ளே வந்தவர் அடுப்போரம் காலை நீட்டிக்கொண்டு, "ஒரே சுடுதான் அத்தை, அங்கயே சுருண்டுடுச்சு" என்றார். டவுன் காபிக்கடையிலும் போய் இதையே அளந்திருக்கிறார்.

காயப்படுத்தியதைத் தேடிப்போய் முடிக்காமல் வீடு திரும்புகிறவனை நம் ஊரில் யாரும் மனிதனாக மதிப்பதில்லை. கால் போன கயோட்டிக்கு முயல் அகப்படாது; பட்டினியோடு பட்டிக்குத்தான் வரும். அவர் டவுனில் இருந்த நேரம் நான் உன் அப்பாவின் துப்பாக்கியோடு கிளம்பினேன். வெட்டவெளிப் பனியில் மூன்று காலின் தடம், நாலாவது கால் இழுபட்ட கோடு, வழியெல்லாம் ரத்தம். ஓடைக்கரைச் சரிவுக்கடியில் காலை நக்கியபடி படுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழப் பார்த்தது, முடியவில்லை. நான் முடித்துவைத்தேன். என் ஆட்டைத் தின்ற பிராணிதான். ஆனாலும் அதன்மேல் எனக்கு இருக்கும் மரியாதையில் ஒரு துளிகூட இவன்மேல் இல்லை.

அன்று சாப்பிடும்போது உன் கையைப் பற்றிக் கேட்டேன். "படியில பனி, வழுக்கி விழுந்துட்டா. சின்ன சுளுக்குதான்" என்றான், கறியை வெட்டிக்கொண்டே. அதே முகம், அதே குரல். கயோட்டி சுருண்டு விழுந்ததாகச் சொன்னபோது இருந்த முகம்தான். உறைந்த ஓடைமேல் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வளர்ந்த பெண் நீ. படியில் விழுந்தாயாம்! நான் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். கயோட்டியைக் கண்டுபிடித்ததைச் சொல்லவில்லை. தான் காயப்படுத்தியதை யாரும் தேடிப்போய்ப் பார்க்க மாட்டார்கள் என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

உன் அறையில் கணப்பு மூட்டிவிட்டேன் கண்ணு. ஆல்வின் தன் வண்டிச் சக்கரங்களுக்குப் பனியில் வழுக்காமலிருக்கச் சங்கிலி மாட்டிவிட்டான். வெள்ளிக்கிழமை நீ வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் நாங்கள் நிற்போம். வேறு எதையும் எடுக்க வேண்டாம், உன் கோட்டு மட்டும் போதும். வராதே என்று எழுதிவிடாதே. தடத்தைப் பாதியில் விட்டுத் திரும்புகிற பழக்கம் எனக்கில்லை. நான் வந்து சேரும்வரை ஆண்டவர் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் அம்மா,
ஆர்டிஸ்