மேலே உள்ள வரி பதினோரு தடவை

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் மென்பொருளின் 8.4 வெளியீடு எப்போது வரும் என்று இன்றைக்கு மட்டும் ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். வரும்போது வரும். பத்து வருஷமாக இந்த மென்பொருளை இரண்டே பேர் கட்டி மேய்க்கிறோம், நானும், மீசை என்று நான் கூப்பிடுகிற பையனும். பகலில் எனக்கு அச்சகத்தில் கணினி வேலை, வீட்டுக்கு வந்தால் இது. சர்வரில் நடப்பதையெல்லாம் நேரம் போட்டு ஒவ்வொரு வரியாக எழுதி வைப்பதுதான் இதன் வேலை. ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுபோனால் மட்டும் என் முகவரி எப்படித்தான் கிடைக்கிறதோ.

ஒருவன் "உங்கள் பொறுப்பின்மை" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறான். சும்மா வாங்கிக்கொண்டு இவ்வளவு வாய். பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, அதையும் அழித்தேன்.

மார்ச் 5, வியாழன்

மென்பொருளுக்கான எங்கள் இணைய மன்றத்தில் புதிதாக ஒரு பெண். மருந்து வைக்கும் குளிர்கிடங்கில் கண்காணிப்பு வேலையாம். போன மாதம் ஒரு நாள் காலையில் அறைக்குள் குளிர் குறைந்திருக்கிறது. அவசரப் பட்டனை அமுக்கியிருக்கிறாள். ஒரு அறை மருந்து முழுக்கக் கெட்டுப்போனது. ஒரே ஒரு தடவை அமுக்கிவிட்டுச் சும்மா நின்றாய் என்று சஸ்பெண்ட் செய்துவிட்டார்களாம். அதற்கு அத்தாட்சி நம் மென்பொருள் எழுதிய பதிவு.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது மேடம். கை வலிக்க வலிக்க அமுக்கினேன். உங்க மெஷின் ஏன் ஒண்ணுன்னு எழுதியிருக்கு?"

மென்பொருள் தனக்கு வந்ததை எழுதும், கூட்டவும் செய்யாது குறைக்கவும் செய்யாது என்று இரண்டு வரி போட்டு முடித்தேன். வேலையில் கோட்டை விட்டுவிட்டு என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

மார்ச் 7, சனி

தேதியை எந்த வடிவத்தில் எழுதுவது என்று மீசையோடு இரண்டு மணி நேரச் சண்டை. பத்து வருஷமாகத் திரையில் மட்டும் பார்க்கிற ஒருவனோடு இவ்வளவு சண்டை போட முடியும் என்று நினைத்ததில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கிடங்குப் பெண் மறுபடி எழுதியிருக்கிறாள்.

"நீங்க எழுதின ரெண்டு வரியைப் பிரின்ட் எடுத்து என் விசாரணை ஃபைல்ல வச்சிட்டாங்க மேடம். மென்பொருளைச் செஞ்சவங்களே சொல்லிட்டாங்கன்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் வாசிச்சார். பதினெட்டாம் தேதி கடைசி விசாரணை. அன்னைக்கு என் வேலை போயிடும்."

கூடவே அந்தப் பதிவின் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள்.

என் வார்த்தையை எடுத்து வாசிக்க அவன் யார்? யாரைக் கேட்டு வாசித்தான்? — யாரையும் கேட்க வேண்டாம். மன்றத்தில் போட்டது ஊருக்கே பொது. நான் அந்தப் பதிவைப் பார்க்கவேயில்லை. பார்க்காமலே சொல்லியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"சாப்பிட வரியா?" என்று இவர் வந்து கேட்டார். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், சமைத்ததும் அவர்தான்.

மார்ச் 11, புதன்

அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அந்தத் தாளோடு உட்கார்ந்தேன். அந்தப் பட்டனுக்கென்று தனிப் பதிவு. பட்டன் அமுக்கிய வரி ஒன்றுதான், 9:18 மணி, வரிசை எண் 417. அடுத்த வரி, 10:00 மணி, "புதிய கோப்பு தொடங்கியது". வரிசை எண் 429.

நடுவில் பதினோரு எண்கள் எங்கே?

உள்ளே வருகிற ஒவ்வொரு வரிக்கும் வாசலிலேயே எண் போட்டுவிடுவோம், பிறகுதான் எழுதுவோம். எண் வாங்கியும் எழுதப்படாமல் போக ஒரே ஒரு வழி உண்டு. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொன்றாக எழுதமாட்டோம். எண்ணிக்கொண்டே இருந்து, வேறு வரி வந்ததும் கடைசியில் "மேலே உள்ள வரி இத்தனை தடவை வந்தது" என்று ஒரே வரியாக எழுதுவோம். இடம் மிச்சமாகுமே என்று இந்தத் தொழிலில் காலங்காலமாக இருக்கிற வழக்கம். அன்றைக்கு அந்தக் கடைசி வரியை எழுதுவதற்குள் மணி பத்தாகி, பழைய கோப்பை மூடிப் புதியது திறந்திருக்கிறது. திறக்கிறபோது எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கியிருக்கிறது. எழுதாமலே.

கோப்பு மாற்றுகிற பகுதியைப் பார்ப்பவன் மீசை. போன் போட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன். முழுக்கக் கேட்டுக்கொண்டான்.

"அக்கா, பூஜ்யமாக்குற அந்த நிரல் வரியை யார் எழுதினதுன்னு பாத்தீங்களா?"

பார்த்தேன். நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால். பக்கத்தில் குறிப்பு வேறு எழுதி வைத்திருக்கிறேன்: "எண்ணிக்கை விட்டுப்போகலாம். பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

பாத்துக்கலாமாம். எவ வந்து பாப்பா?

மார்ச் 12, வியாழன்

அதோடு முடியவில்லை. இன்று அவளோடு பேசினேன். பட்டனை அமுக்கினால் பொறியாளர்கள் அறையில் மணி அடிக்க வேண்டும். அந்த மணியை அடிப்பதும் பதிவில் எழுதப்படுகிற வரிதான்.

"முதல் தடவை ஒருத்தர் வந்தாரு மேடம். மெஷினை ஒரு தட்டு தட்டி, சரியாயிடும்னு போயிட்டாரு. சரியாகல. அப்புறம் எத்தனை அமுக்கியும் ஒருத்தரும் வரல. உள்ள போன் கொண்டுபோகக் கூடாது, கதவை விட்டு நகரக் கூடாது. பத்து மணிக்கு மேல எது ஆனாலும் ஆகட்டும்னு ஓடினேன். அதுக்குள்ள எல்லாம் போச்சு."

முதல் வரி எழுதப்பட்டது, மணி அடித்தது. அடுத்த பதினொன்றும் எழுதப்படவில்லை, அதனால் மணியும் அடிக்கவில்லை. அதை அவளிடம் அப்போதே சொன்னேன்.

"அப்ப அவங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"இல்லைம்மா."

"நாலு வருஷம் கூட வேலை பாத்தவங்க. கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தாங்கன்னு அவங்களை என்னென்னவோ திட்டிட்டேன்."

"என்னைத் திட்டுங்க."

"அதுக்கு நேரம் வரும் மேடம். இப்ப எழுதிக் குடுங்க."

மார்ச் 13, வெள்ளி

திருத்தம் நாலே வரி: எண்ணிக்கை விடாது, எச்சரிக்கை திரும்ப வந்தாலும் ஒவ்வொன்றாக எழுதும். எழுதிச் சோதித்து முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆறு வருஷத்தில் அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை.

வெளியீட்டுக் குறிப்புக்கு மீசை எழுதி அனுப்பியது: "கோப்பு மாறும்போது எண்ணிக்கையைக் கையாளும் முறை மேம்படுத்தப்பட்டது." எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள். நானே நூறு தடவை எழுதியிருக்கிறேன். மேம்படுத்தினோமாம், மண்ணாங்கட்டி.

"நேரா எழுதினா எல்லாரும் ஓடிடுவாங்கக்கா. பத்து வருஷ உழைப்பு."

"ஓடட்டும்."

"எதுக்கும் உத்தரவாதம் இல்லன்னு நம்ம உரிமத்துலயே போட்டிருக்கோமே. யாரும் கேக்க முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அதில்தான். எதற்கும் உத்தரவாதம் இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டவள், அஞ்சாம் தேதி அந்தப் பெண்ணுக்கு மட்டும் எந்தத் தைரியத்தில் அப்படிப் பதில் சொன்னேன்?

மார்ச் 14, சனி

போட்டாயிற்று. 8.4 வெளியீட்டுக் குறிப்பின் முதல் வரியாக, மன்றத்திலும் மேலே தெரிகிற மாதிரி:

"இந்த மென்பொருள் ஆறு வருஷமாகத் திரும்பத் திரும்ப வந்த எச்சரிக்கைகளை விழுங்கியிருக்கிறது. அந்த நிரலை எழுதியவள் நான். மார்ச் 5 அன்று கிடங்கு ஊழியர் ஒருவருக்கு நான் தந்த பதில் தவறு. அவருடைய பதிவைப் பார்க்காமல் தந்தது. உங்கள் பதிவுகளில் வரிசை எண் எங்கே தாண்டுகிறது என்று உடனே பாருங்கள்."

இவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "போட்டுட்டியா?"

"போட்டாச்சு."

"அப்ப ஏன் இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?"

"கோவம் போகல."

"யார் மேல?"

நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

மார்ச் 16, திங்கள்

நூற்றுச் சொச்சம் கடிதங்கள். பாதிக்கு மேல் வசவு. ஒருவர் மட்டும் வசவே இல்லாமல் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "எங்களிடமும் எண்கள் தாண்டியிருக்கின்றன." வசவுகளை விட்டுவிட்டு இவருக்குத்தான் முதலில் பதில் எழுதினேன்.

மார்ச் 18, புதன்

விசாரணையில் அச்சகத்திலிருந்தே என்னைத் திரையில் காட்டினார்கள். நீளமான மேசை, மூன்று அதிகாரிகள், மேனேஜர், அவர் பக்கத்தில் கம்பெனி வக்கீல். ஓரத்தில் ஒரு நாற்காலியில் அவள். என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. அதுவரை குரல் மட்டும்தான் தெரியும்.

வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார். "உங்க மென்பொருள் தப்பு பண்ணும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அப்ப இந்த நம்பரை மட்டும் எப்படி நம்புறது?"

"வாசல்ல டோக்கன் குடுத்தாச்சு, ஆளை உள்ள விடல. பதினோரு டோக்கன் போயிருக்கு, அப்ப பதினோரு பேர் வந்திருக்காங்க. அதே வரி மறுபடி வந்தா மட்டும்தான் என் நிரல் விழுங்கும். அந்த வரி இவங்க பட்டன்."

"இருந்தாலும்..."

"சார், பாக்காம ரெண்டு வரி எழுதினேன். அதைப் பிரின்ட் போட்டு வாசிச்சீங்க. இப்ப பாத்துட்டுச் சொல்றேன், நம்ப மாட்டேங்கறீங்க. நான் எது சொன்னாலும் இவங்களுக்கு எதிரா இருந்தாத்தான் எடுத்துக்குவீங்களா?"

கத்திவிட்டேன் போல. அச்சகத்தில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். முடிவைப் பிறகு சொல்வார்களாம்.

மார்ச் 24, செவ்வாய்

இன்னும் ஒரு சேதியும் இல்லை. மூன்று பெரிய நிறுவனங்கள் வேறு மென்பொருளுக்கு மாறிவிட்டன. மீசை என்னிடம் சொல்லவில்லை, நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

மத்தியானம் அவளிடமிருந்து:

"அக்கா, இன்னைக்கு வேலைக்கு வந்துட்டேன். 8.4 போட்டிருக்காங்க. மேனேஜர் என்னையே பட்டனை அமுக்கிப் பாக்கச் சொன்னாரு. அமுக்கினேன், மணி அடிச்சுது, ஓடி வந்தாங்க. மறுபடி அமுக்கினேன், மறுபடி வந்தாங்க. மூணாவதுக்கு மூச்சு வாங்க வந்தாங்க. போதும்மான்னாரு மேனேஜர். நான் இன்னொரு தடவை அமுக்கினேன்."

நாலு வரியும் பதிவில் இருக்கிறதா என்று கேட்டு எழுதினேன். சாயங்காலம் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். எண்கள் எங்கேயும் தாண்டவில்லை. ஐந்து வரி இருந்தது. ஐந்தாவதின் நேரம் நான் கேட்டு எழுதியதற்குப் பிறகு.